நிறைகோலும் ஆசிரியரும்

திருக்கோணமலைத் துறைமுகத்தில் இறங்கும் கோதுமை நிறுக்கப்பட்டே கணக்கில் ஏறுகின்றது. அத்துறைமுகத்தையடுத்த தெருக்களில், தனியார் கல்வி நிலையத்தில் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் ஆசிரியரின் உழைப்போ முழுதாய் நிறுக்கப்படுவதில்லை. பாடத்தை ஆயத்தஞ் செய்யும் இரவும், விடைத்தாள் திருத்தும் விடியலும் கணக்கிற்கு அப்பாற்பட்டவை.

கல்வியை விற்பதே இழுக்கு என்பர் சிலர். ஆயின், பொருளை மிகுதியாகக் கொடுப்போனையும் கற்பித்தற்குரியோருள் ஒருவனாக நன்னூல் எண்ணுகின்றது. ஆகவே, ஆசிரியர் பொருள் பெறுதல் தவறன்று. அங்கே கொடுப்போன் மாணவன், கொள்வோர் ஆசிரியர். இன்று இருவருக்குமிடையே உரிமையாளர் நிற்கின்றார். இடமும் இருக்கையும் தரும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால், 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ் இன்று தொழில்தருநர் செலுத்தவேண்டிய 12 வீதத்தைத் தவிர்ப்பதற்காகவே, நாள்தோறும் வந்து கற்பிப்பவரை ‘வருகைதரு ஆசிரியர்’ என்றழைப்பின், அஃது அறமாகுமா?

ஆசிரியருக்கு நிறைகோலை உவமையாக்கியதும் நன்னூலே. அவருக்கே நிறை குறைத்து அளக்கப்படுமாயின், அதனைக் கண்டிருக்கும் மாணவன் கற்கும் பாடம் எது?