நந்தவன மண்ணும் திருமஞ்சனக் கிணறும்

பூவும் நீரும் கொண்டு அன்போடு வழிபட்டால் இறைவன் ஏற்றருளுவான் என்பது சைவர்களின் துணிபு. பூவைத் தருவது மண். நீரைத் தருவது கிணறு. யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டும் வேறுவேறல்ல என்பதை அடியார்கள் சிந்தித்தல் வேண்டும்.

திருப்புகலூரில் அவதரித்த முருக நாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் வெவ்வேறு கூடைகளிற் கொய்து, மாலை தொடுத்துச் சாத்தி வழிபட்டார் என்பது பெரியபுராணச் செய்தி. அவர் திருஞானசம்பந்தருடன் முத்தி பெற்ற தலத்தின் பெயரும் நல்லூரே. அது சோழநாட்டு நல்லூர்ப் பெருமணம். அப்பர் சுவாமிகள் கையில் ஏந்தியதோ உழவாரப்படை. பூவைத் தொடும் கை மண்ணையும் தொடவேண்டும் என்பதை இவ்விரு அடியார்களும் உணர்த்தினர்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே செம்மண்ணினூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் தங்கிக் கிணற்றில் ஊறுகின்றது. ஆகவே மண்ணில் அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவும் அந்த வழியே கிணற்றை அடையும். நைத்திரேற்று ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டுள்ளது. அந்நீர் கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. பூவுக்காக இட்ட உரம் அபிஷேக நீரைக் கெடுப்பின் அது தொண்டாகுமா?

முன்னோர் பூவரசங்குழையும் பழைய பனையோலையும் தாழ்த்தி, மாட்டெரு இட்டு மண்ணை வளர்த்தனர். அம்மண் நீரைப் பிடித்து வைக்கும், மண்புழு வாழும். எனினும் மண் ஒரே நாளில் மாறாது. 2021ஆம் ஆண்டில் இலங்கையில் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை நீங்கியது. பொறுமையே மண்ணுக்குரிய விரதம்.

காலமறிந்து செய்வன சில. ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முன் குழை தாழ்த்துக. மாரியிற் பூச்சாடிகளின் அடித்துளை அடைபடாது பார்த்து, தட்டில் தேங்கும் நீரை ஊற்றிவிடுக. இல்லையேல் வேர் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும். மழை ஓய்ந்ததும் செவ்வரத்தையைக் கத்தரித்துவிடுக. பங்குனி, சித்திரை வெயிலில் செடியடியைச் சருகினால் மூடி, காலையில் நீர் வார்க்க.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் அடியார்கள் துளசியையும் கறிவேப்பிலையையும் சாடியிற் பேணுகின்றனர். குளிர் தொடங்குமுன் அவற்றை வீட்டினுள் வெயில்படும் யன்னலோரம் வைத்து, மேல்மண் காய்ந்த பின்னரே நீரூற்றுதல் நன்று. பனிக்காலத்தில் உரம் வேண்டாம். செடிக்கு அது ஓய்வுகாலம்.

நல்லூர்க் கந்தப்பெருமானின் 25 நாள் மகோற்சவம் வரும்போது, விலைக்கு வாங்கிய பெருமாலை இல்லையே என எவரும் வருந்தவேண்டியதில்லை. தன் வளவில் நஞ்சின்றி வளர்த்த ஒரு செவ்வரத்தம்பூவும், மாசுபடாத கிணற்றின் ஒரு குடம் நீரும் போதும். மண்ணைக் காப்பவர் கிணற்றைக் காக்கின்றார்; கிணற்றைக் காப்பவர் இறைவனின் திருமஞ்சனத்தையும் அயல்வீட்டுக் குழந்தையையும் ஒருங்கே காக்கின்றார்.

சுபம்.