பார்த்தது தப்பா?

'எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற பாதைகள்!' மலை நாடுகளின் சுற்றுலா விளம்பரங்களில் இந்த மாதிரி வரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோடையில் பூ, இலையுதிர் காலத்தில் மஞ்சள் காடு, குளிர்காலத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பனி. பனியில் எப்படி சார் நடப்பது? அதற்கும் வழி இருக்கிறது. ஷூவுக்கு அடியில் பேட்மின்டன் மட்டை அகலத்துக்கு ஒரு சட்டத்தைக் கட்டிக்கொண்டால், உடம்பின் எடை பரவிவிடும், கால் புதையாது. ஸ்னோஷூ என்று பேர். பெட்ரோல் வேண்டாம், இரைச்சல் கிடையாது. இதைவிடச் சாதுவான பொழுதுபோக்கு உலகத்தில் இருக்குமா என்று தோன்றும்.

சுவிட்சர்லாந்து நடக்கிறவர்களின் தேசம். அடையாளப் பலகை வைத்த நடைபாதை மட்டும் 65,000 கிலோமீட்டருக்கு மேல். 1979-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, நடைபாதை விஷயத்தை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். அதற்கும் முன்னால், 1907-ல் எழுதப்பட்ட சிவில் சட்டத்திலேயே, காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் யார் வேண்டுமானாலும் போகலாம் என்று இருக்கிறது. நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி.

அப்படிப்பட்ட ஊரில்தான், குளிர்காலம் வந்தால் சில சரிவுகளில் 'உள்ளே வராதே' என்று பலகை வைக்கிறார்கள். விலங்குகளுக்கான அமைதி மண்டலமாம். யாருக்காக? மலையாடு, மான் என்று பலருக்காக. முக்கியமாக, ஒரு கோழிக்காக!

ப்ளாக் க்ரௌஸ் என்று ஒரு பறவை. நம்ம ஊர்க் காட்டுக்கோழிக்குத் தூரத்துச் சொந்தம். எடை ஒரு கிலோ சொச்சம். மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் உயரத்தில் குடியிருக்கிறது. குளிர்காலத்தில் அதற்குக் கிடைக்கிற சாப்பாடு மொட்டும் ஊசி இலையும்தான். சத்து ரொம்பக் குறைவு. உடம்பில் கொழுப்புச் சேமிப்பும் அதிகம் கிடையாது. அன்றாடம் காய்ச்சி! அதனால் அது ஒரு காரியம் செய்கிறது. பனிக்குள் வளை தோண்டிப் படுத்துவிடுகிறது. வெளியே எத்தனை குளிர் அடித்தாலும் உள்ளே அத்தனை இறங்காது. விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து கொஞ்சம் மேய்ந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். ஒரு நாளின் பெரும்பகுதி இப்படி அசையாமல்தான் கழிகிறது.

இப்போது நீங்கள் வருகிறீர்கள். மெதுவாக, சத்தமே இல்லாமல், இயற்கையை ரசித்தபடி. பத்தடி முன்னால் பனி வெடித்துச் சிதற, ஒரு கறுப்புப் பறவை படபடவென்று பறக்கிறது. உங்களுக்கு மெய் சிலிர்க்கிறது. ஆயுசுக்கும் மறக்க முடியாத காட்சி!

காமர்ஸ் படித்த புத்தி, எனக்கு எதுவும் பற்று-வரவாகத்தான் தெரியும். அந்தக் காட்சி உங்கள் பக்கம் வரவு. பறவையின் கணக்கில் அது மொத்தமும் செலவு. குளிரில் பறக்க வேண்டும், வேறு இடம் தேட வேண்டும், மறுபடி தோண்ட வேண்டும். பெர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். வேண்டுமென்றே கிளப்பிவிட்ட பறவைகளின் எச்சத்தில், மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் ஏறியிருந்தது.

"ஸ்கீ லிஃப்ட் போட்டு ஆயிரக்கணக்கில் ஆளைக் கொண்டுபோய் இறக்குகிறானே, அவனை விட்டுவிட்டு நடந்து போகிற என்னைப் பிடிக்கிறீங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சேதம் அவனால்தான் பெரிசு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த லிஃப்ட்டுக்குப் பயந்து பறவை எங்கே போகும்? கூட்டம் இல்லாத சரிவுக்கு. அதே லிஃப்ட்டை வெறுத்து நீங்கள் எங்கே போவீர்கள்? அதே சரிவுக்கு! இரண்டு பேரும் தேடுவது ஒரே அமைதி. வித்தியாசம் என்னவென்றால், உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு அது உயிர்.

'நான் ஒருத்தன் போனால் என்ன?' என்பது அடுத்த சமாதானம். எல்லோரிடமும் இருக்கிற அதே சமாதானம். பறவைக்கு நீங்கள் முதல் ஆளா, அன்றைக்கு நாலாவது ஆளா என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இயற்கையை நேசிக்கிறேன் என்பவர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. நேசிப்பதாலேயே கிட்டே போகும் உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறோம். கைக்குழந்தை தூங்குகிற வீட்டுக்குப் போனால் அப்படி நினைப்போமா? எட்டிப் பார்க்காமலே, "எழுந்தப்புறம் வர்றேன்மா" என்று திரும்பிவிடுவோம். மூணாறு பக்கம் இரவிகுளத்தில் இதைத்தான் செய்கிறார்கள். வரையாடு குட்டி போடுகிற சமயம், பெரும்பாலும் பிப்ரவரியும் மார்ச்சும், பூங்காவின் கேட் பூட்டு. மதுரையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தேன் என்றாலும் பூட்டு பூட்டுதான்.

சுவிட்சர்லாந்தில் மொத்தமாகப் பூட்டவில்லை. ஸ்னோஷூ நடைக்கென்றே இளஞ்சிவப்புப் பலகை வைத்த பாதைகள் இருக்கின்றன. அதை விட்டு விலகாதீர்கள், காட்டின் ஓரத்தையும் பனி உருகிய திட்டுகளையும் தவிருங்கள், நாயைக் கட்டிப் பிடியுங்கள் என்கிறார்கள். தினமும் ஒரே தடத்தில் ஆள் போனால் மிருகங்களுக்கு அது பழகிவிடும். எங்கிருந்து வருவான் என்று தெரியாத ஆள்தான் அவற்றுக்கு எமன்.

அந்தப் பாதையில் போனால் விளம்பரப் படத்தில் கண்ட கால்படாத பனி உங்களுக்குக் கிடைக்காது. முன்னால் போனவர்கள் மிதித்து இறுகிய தடத்தில், யாரோ ஒருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். சுற்றிலும் சிகரங்கள் இருக்கும், வெயிலில் பனி மின்னும். பறவையைப் பார்ப்பது சந்தேகம்தான். அது உள்ளே படுத்திருக்கும்.