இப்போது யாருடைய முறை?

விளையாட்டில் ஏமாற்றுகிறவனை நாம் எப்படியோ பொறுத்துக்கொள்கிறோம். விளையாட்டையே கலைத்துவிடுகிறவனைப் பொறுத்துக்கொள்வதில்லை. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹைஸிங்கா 1938இல் வெளியான ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். ஏமாற்றுகிறவன் விதிகளை மதிப்பதுபோல நடிக்கவாவது செய்கிறான். கலைக்கிறவன் அந்த உலகத்தையே ‘இதெல்லாம் சும்மா’ என்று ஆக்கிவிடுகிறான்.

சரி, குகைக்குள் டிராகன் கண் திறக்கிற நேரத்தில் “மச்சி, பிரியாணி ஆர்டர் போட்டாச்சா?” என்று கேட்கிறவனை எதில் சேர்ப்பது?

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மாதிரி விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். டன்ஜன் மாஸ்டர் என்று ஒருவர் உலகத்தை விவரிப்பார். எதிரி, கடைக்காரர், வழிப்போக்கர் எல்லாம் அவரே. மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு மூன்று சிறிய புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக வந்தபோதும் சரி, இன்றும் சரி, இதன் முதல் கருவி பேச்சுதான்.

கேரம் ஆடும்போது ஊர்க்கதை பேசலாம். காய் பாட்டுக்குக் குழியில் விழும். இங்கே பந்தும் மட்டையும் மைதானமும் பேச்சாகவே இருப்பதால், கதைக்கு வெளியே பேசுகிற எந்தப் பேச்சும் மைதானத்துக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக வெளிப்பேச்சே கூடாது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் இப்படிப்பட்ட குழுக்களோடு உட்கார்ந்து, ஆடி, கவனித்து, 1983இல் ‘ஷேர்ட் ஃபேன்டஸி’ என்ற நூலை எழுதினார். மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் மூன்று நிலைகளுக்கு நடுவே தாவிக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறார். “கதவை உதைக்கிறேன்” என்பது பாத்திரம். “அதுக்கு எந்தப் பகடை உருட்டணும்?” என்பது ஆட்டக்காரர். “அந்தத் தண்ணி பாட்டில எடு” என்பது மனிதர். ஒரே நிமிடத்தில் மூன்றும் வந்து போகும். இந்தத் தாவல் இல்லாமல் விளையாட்டே இல்லை.

நமக்கு இது புதிதும் அல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் இருப்பான், ஊர்க்காரர்களோடும் பேசுவான். ராஜா வந்து நிற்கும்போதே இன்றைய சங்கதியைக் கிண்டலடிப்பான். கதை உடைவதில்லை. ஏனென்றால் வெளியே போன கூத்தைத் திரும்ப உள்ளே அழைத்துவருவதும் அவன் வேலைதான்.

நான் உட்காரும் மேசையில் விதிப்புத்தகம் ஆங்கிலம், அரட்டை தமிழ். பாத்திரமாகப் பேசும்போதுதான் சிக்கல். “யார் நீ, எங்கிருந்து வருகிறாய்?” என்றால் பழைய ராஜா படம் ஆகிவிடுகிறது. “யாரு நீ, எங்கேந்து வர்ற?” என்றால் எல்ஃப் ஒருத்தி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி இருக்கிறது. எப்படிச் சொன்னாலும் யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கேலியைவிடக் கூச்சம் அதிகம். நண்பர்கள் முன்னால் இன்னொருவராக மாறிப் பேசுவது வெட்கம் பிடுங்கித் தின்கிற காரியம். ஜோக் அடிப்பது அதிலிருந்து தப்பிக்க ஒரு வழி.

வேறு காரணங்களும் உண்டு. ஐந்து பேர் சண்டைக்காட்சியில் ஆளுக்கு நான்கு நிமிடம் எடுத்தால், ஒருவர் தன் முறைக்காகப் பதினாறு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பேசாமல் என்ன செய்வார்? ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்திக்கிறவர்கள் என்றால் ஆபீஸ் கதை, வீட்டுக்கதை எல்லாம் தேங்கிக் கிடக்கும். அதுவும் எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஆக, அரட்டை பல நேரம் ஒரு தகவல். ‘எனக்கு போரடிக்குது’, ‘எனக்குக் கூச்சமா இருக்கு’, ‘உங்கள எல்லாம் பாத்து ரொம்ப நாளாச்சு’ என்பதைத்தான் அது வேறு மாதிரி சொல்கிறது.

இவ்வளவும் ஒத்துக்கொண்ட பிறகும் ஒரு மாலை எனக்கு உறுத்துகிறது.

எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒரு தோழி. அவளுடைய பாத்திரம், சிறுவயதில் தன்னை விட்டுப்போன அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள். கதவு திறந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, “அம்மா, என்னைத் தெரியுதா?” என்றாள். பக்கத்திலிருந்தவன் பழைய சினிமா அம்மா குரலில் ஒரு வசனம் விட்டான். நல்ல டைமிங். மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், “சரி, நான் கதவ சாத்திட்டு வெளிய வந்துடறேன்” என்றாள். அவ்வளவுதான். அந்த அம்மா மறுபடி கதையில் வரவில்லை.

யாரும் எந்த விதியையும் மீறவில்லை. கெட்ட எண்ணமும் இல்லை. போனது அரை நிமிடம். ஆனால் அவள் சேர்த்துவைத்திருந்த தைரியம் அந்த அரை நிமிடத்தோடு போய்விட்டது. சினிமாவை ரீவைண்ட் செய்யலாம். “மறுபடி முதல்லேர்ந்து சொல்லு” என்று அவளிடம் கேட்டால் அது இன்னொரு தண்டனை.

அரட்டையால் எத்தனை நிமிடம் வீணாயிற்று என்று கணக்குப் பார்ப்பதே தப்பான கணக்கு என்று எனக்குத் தோன்றியது இதனால்தான். பார்க்க வேண்டியது யாருடைய நிமிடம் என்பதை. பிரியாணி கேள்வி பகடையைத் தேடும்போது வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவர் வாயைத் திறந்த கணத்தில் வந்தால், அது அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. கலகலப்பானவர்களுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த நிமிடமே கிடைத்துவிடும். அமைதியானவர்களுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. ஒரே குறுக்கீடு, இரண்டு விலை.

இதற்குச் சில மேசைகளில் ஒரு கடுமையான மருந்து உண்டு: நீ வாயால் சொன்னதெல்லாம் உன் பாத்திரம் சொன்னதாகவே கணக்கு. ராஜசபையில் உட்கார்ந்து ஜோக் அடித்தால் ராஜா கேட்டுவிடுவார். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் விலை வைத்தால் முதலில் வாயை மூடிக்கொள்வது யார்? ஏற்கெனவே பயந்து பேசுகிறவர்தான். யாரைக் காப்பாற்ற விதி போட்டோமோ அவரையே அது அமுக்கும்.

டன்ஜன் மாஸ்டரே அதட்டட்டும் என்பதும் நியாயமில்லை. பாவம், அவர் மொத்த உலகத்தையும் தலையில் சுமக்கிறார். பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதுகிற கிளாஸ் லீடர் வேலையையும் அவரிடமே கொடுத்தால் எப்படி? கிளாஸ் லீடர் வந்த இடத்தில் கதை வராது.

நான் பார்த்தவரை உதவுபவை சின்ன விஷயங்கள்தான். முதல் அரை மணி நேரத்தை அரட்டைக்கென்றே ஒதுக்குவது. பிறகு யாராவது ஒரு ஆட்டக்காரர் ‘போன தடவை என்ன ஆச்சுன்னா...’ என்று ஆரம்பித்துக் கதைக்குள் கூட்டிப்போவது. நடுவில் ஒரு டீ இடைவேளை. சண்டைக்காட்சி இழுத்தால் அதைச் சுருக்குவது. விடாமல் குறுக்கே பேசுகிறவரிடம் எல்லார் முன்னாலும் இல்லாமல் தனியாகப் பேசுவது. அன்றைக்கு எல்லாருக்குமே அரட்டைதான் வேண்டும் என்றால், புத்தகத்தை மூடிவிட்டு மனசாரப் பேசிவிட்டுப் போவது. அதில் குற்றவுணர்ச்சி எதற்கு?

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வாக்கியம் இருக்கிறது: “இரு, அவ ஏதோ சொல்லிட்டிருந்தா.” சிரித்து முடித்த பிறகு சொன்னால் போதும். ஜோக்கும் கெடாது, ஜோக் அடித்தவனும் அவமானப்பட மாட்டான். இதைச் சொல்ல டன்ஜன் மாஸ்டராக இருக்க வேண்டியதில்லை. மேசையில் இருக்கும் யாரும் சொல்லலாம்.

வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு அறநெறி தேவையா என்று கேட்கலாம். இந்த விளையாட்டில் கோப்பை இல்லை, பணம் இல்லை, ஜெயித்தவர் தோற்றவர் என்ற கணக்கும் இல்லை. நாலு மணி நேரம் ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கிறார் என்பது மட்டும்தான் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் மேசையில் மிஞ்சுவது பகடையும் சிப்ஸ் பாக்கெட்டும்தான்.

பிரியாணியை ஆறு மணிக்கே ஆர்டர் போட்டுவிடலாம்.