சிக்கனத்தின் எல்லை

சிக்கனம் நல்ல குணம் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், குன்னூர் மலையிலிருந்து இறங்கிய ஒரு மாலைப்பொழுது வரையில்.

உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக மேட்டுப்பாளையத்தில் ஒரு வாடகைக் கார் பேசினேன். போய்வர 2,500 ரூபாய் கேட்டார் டிரைவர். நான் விடவில்லை. கால் மணி நேரம் வாதாடி 2,100 ரூபாய்க்கு இணங்க வைத்தேன். 400 ரூபாய் மிச்சம் பிடித்த பெருமையோடு ஏறி உட்கார்ந்தேன்.

திரும்பும்போது, குன்னூரைத் தாண்டிச் சரிவு தொடங்கியதும் இஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. வண்டி மட்டும் நிற்கவில்லை. ஓசையின்றி உருண்டு கொண்டிருந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எதிரே கொண்டை ஊசி வளைவு. பின்னால் என் மனைவியின் மடியில் பேரன் தூங்கிக் கொண்டிருந்தான்.

"என்னப்பா, வண்டி கெட்டுப் போச்சா?"

"இல்லீங்க சார், நான்தான் அணைச்சேன். எறக்கத்துல சும்மா உருண்டா பெட்ரோல் மிச்சமுங்க. பயப்படாதீங்க, பத்து வருசமா ஓட்டறேனுங்க."

"முதலில் இஞ்சினைப் போடப்பா! மிச்சம் பிடிக்க எங்கள் உயிரா கிடைத்தது?" என்றேன் கடுமையாக.

அவர் சாவியைத் திருப்பினார். ஒரு வளைவைக் கடந்த பிறகு, கோபம் சிறிதுமின்றிச் சொன்னார்: "நீங்களும் குறைச்சுப் பேசுனீங்க. நானும் எங்கியாச்சும் குறைக்கோணுமில்லீங்களா?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

ஊர் திரும்பியதும் ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்தேன். இஞ்சின் நின்றால் பிரேக்குக்கு அது தரும் துணையும் நின்றுவிடுமாம். இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக் கல்லாக இறுகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். அடுத்து அவர் சொன்னதுதான் வேடிக்கை. இக்காலத்துக் கார்கள் கியரில் இருந்தபடியே சரிவில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். இஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் தானாக நின்றுவிடுகிறது. இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கவும் செய்கிறது. உயிரைப் பணயம் வைத்து அந்த மனிதர் தேடிய மிச்சம், ஒழுங்காக ஓட்டியிருந்தாலே கிடைத்திருக்கும்!

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தொட்டுவிட்ட காலத்தில் மிச்சம் பிடிக்க விரும்புவதில் தவறில்லை. ஆனால் அதற்குரிய நேர்வழிகளைப் பாருங்கள். அத்தனையும் பொறுமையின் வழிகளாகவே இருக்கின்றன. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்ட பின்னும் விரைந்து போய்ப் பிரேக்கை அழுத்துகிறவன், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வெறும் சூடாக்கிக் காற்றில் விடுகிறான். டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும் செலவு கூடும். நிதானமும் முன்யோசனையும் கவனமும் உள்ளவனுக்கே பெட்ரோல் மிஞ்சுகிறது. கடுகு போன இடம் ஆராய்ந்து பூசணிக்காய் போன இடம் அறியாதவர்களாகத்தான் நம்மில் பலர் கார் ஓட்டுகிறோம்.

1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது, அமெரிக்கா 1974இல் தன் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் செய்தது. நோக்கம் எண்ணெய்ச் சிக்கனம்தான். ஆனால் அந்த ஆண்டில் அங்கே சாலை விபத்துகளில் இறந்தவர்களின் தொகை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 9,000 குறைந்தது. மக்கள் வண்டி ஓட்டிய தூரம் குறைந்தது ஒரு காரணம். வேகம் தணிந்தது மற்றொரு காரணம். எண்ணெயைக் காக்கப் போய் உயிர்களையும் காத்த சிக்கனம் அது.

உயிரைக் காக்கும் சிக்கனம் ஒன்று, உயிரைப் பணயம் வைக்கும் சிக்கனம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே எல்லைக் கோடு எங்கே இருக்கிறது? என் அவசரத்தை, என் ஆடம்பரத்தை, என் தேவையை நான் குறைத்துக்கொண்டு மிச்சம் பிடித்தால் அது சிக்கனம். பிறருக்குச் சேர வேண்டியதைக் குறைத்து நான் மிச்சம் பிடித்தால், அதற்குப் பெயர் வேறு. அந்த 400 ரூபாய் என் தேவையில் குறைந்ததன்று; ஒரு தொழிலாளியின் கூலியில் குறைந்தது. அவர் அதை எங்கள் பாதுகாப்பில் குறைத்தார். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்திற்கு, மடியில் தூங்கிய குழந்தை ஈடாக இருந்தான்.

இதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. பத்து ஆண்டுப் பழக்கம் பள்ளத்தை மேடாக்காது. ஆனால் அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு முழுமையாக இருந்ததா என்பதே என் கேள்வி.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் 2,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "400 அதிகமா இருக்குதுங்களே?" என்றார்.

"அதிகம் இல்லையப்பா, காலையில் குறைந்தது" என்றேன்.