பேனா மூடி

அன்று அவர் பேனா மூடியைத் திறந்தார். எதுவும் எழுதாமல் மறுபடி மூடிவிட்டார். நாலு மாதம் ஆகிவிட்டது. 'டக்' என்ற அந்தச் சின்னச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப். புது ஆர்டர், புது டீம், முதல் கூட்டம். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் கேசரி கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். வார வாரியாக அட்டவணையை வாசித்தேன். "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றேன். அப்போதுதான் மூத்த ஃபோர்மன் பேனாவைத் திறந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், "சரி, ஆரம்பிச்சிடலாம்" என்று எழுந்துவிட்டேன்.

ஆறாவது வாரம் வேலை முட்டி நின்றது. தடித்த தகடுகளை வெல்டிங்குக்கு முன் சூடேற்ற வேண்டும், ப்ரீஹீட் என்போம். அதைச் செய்யாமல் பற்றவைத்தால் இணைப்பு சட்டென்று குளிர்ந்து இறுகிவிடும், உள்ளே சிக்கிய ஹைட்ரஜன் விரிசல் விடும். அந்த விரிசல் அன்றைக்கே கண்ணில் படாது. அதனால்தான் சில இணைப்புகளை 48 மணி நேரம் காத்திருந்து சோதிக்கிறார்கள். என் அட்டவணையில் வெல்டிங்குக்கு நாள் இருந்தது. சூடேற்றவும் காத்திருக்கவும் நாள் இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"தேங்கா ஒடச்சு பத்து நிமிஷம் ஆகல சார். அந்த நேரத்துல முடியாதுன்னு எப்படி வாயத் தெறக்கறது?"

எனக்கு அது புரியாமல் இல்லை. நான் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொன்னதில்லை, "போயிட்டு வரேன்"தான். அரிசி தீர்ந்துபோனால் பாட்டி "அரிசி நிறைய இருக்கு" என்பாள். இல்லை என்ற சொல் அடுக்களையில் விழக் கூடாது. தாத்தா மறுபேச்சில்லாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இத்தனை வருஷம் பாட்டியின் சொல்லை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தாத்தாவின் காதை நினைத்துப் பார்த்ததே இல்லை. மங்கலமாகப் பேசுகிற வீட்டில், பேசாததைக் கேட்கவும் ஒருவர் வேண்டும். அவர் பையை எடுக்காவிட்டால் அன்று உலை வைக்க முடியாது.

அந்த வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஸ்ரீரங்கம் கோயிலின் ராஜகோபுரம் தெரியும். நூற்றாண்டுக் கணக்கில் வெறும் கல் அடிப்பகுதியோடு நின்றிருந்ததால் ஊர்ப் பெரியவர்கள் பழக்கத்தில் அதை மொட்டைக் கோபுரம் என்றே சொல்வார்கள். அகோபில மடத்து ஜீயர் முன்னின்று 1979-இல் வேலை தொடங்கியது. 13 நிலை, 236 அடி. 1987 மார்ச் 25-ஆம் தேதி கும்பாபிஷேகம். எனக்கு அப்போது எட்டு வயது. சாரத்தைப் பிரித்த பிறகும் என் கண் சாரத்தையே தேடிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வேறொன்று தோன்றுகிறது. பாதியில் நின்ற அந்தப் பழைய வேலைக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். நல்ல நேரம் பார்த்து, நல்ல வார்த்தை பேசி ஆரம்பித்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எவனாவது ஒரு சிற்பி சொல்ல வந்ததை விழுங்கியிருப்பானா? வேலை நின்றதற்கு அரசியலும் போரும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் என் மனசு அந்தச் சிற்பியிடமே போகிறது.

கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றை எப்போதோ படித்தேன். பாதிதான் நினைவிருக்கிறது. வேலை தொடங்குமுன், 'இது தோற்றே போய்விட்டது' என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளுக்கு ஆள் தனியாக எழுத வேண்டும். படித்தபோது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் சூடத்தின் வாசனை அடங்காத அறையில் அந்தக் காகிதத்தை நீட்ட எனக்கே கை வராது. தேங்காய் உடைப்பதற்கு முந்தின நாள் நீட்டலாமா? ப்ரீஹீட்டும் அப்படித்தானே, பற்றவைக்குமுன் பொறுமையாக ஏற்றுகிற சூடு.

இப்படி முடிவுக்கு வந்த ராத்திரி இன்னொரு சந்தேகம் வந்தது. "கேக்கணுமா" என்று கேட்டபோதே நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதை அவரும் பார்த்திருப்பார். அப்படியானால் அவர் வாயை அடைத்தது தேங்காயா, நானா? "நீங்க கேக்கற மாதிரி இல்ல சார்" என்று முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் தேங்காய்மேல் பழியைப் போட்டாரோ? அதுவும் ஓர் 'அரிசி நிறைய இருக்கு' தானோ?

அடுத்த மாதம் வேறொரு வேலைக்கு முதல் கூட்டம். அவரும் வருவார். முந்தின நாளே காகிதம் கொடுக்கப் போகிறேன். அவர் எழுதுவாரா, பேனா மூடியைத் திறந்து மூடுவாரா, தெரியவில்லை. மூடினால், அந்தச் சத்தத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தெரிந்தவனாக நான் இருப்பேனா என்பதும் தெரியவில்லை.