கேட்கக் கூசாதே, தம்பி!

அபுதாபியில் பத்து வருஷம் சாரம் கட்டியவன் ஊருக்குத் திரும்புகிறான். “அந்தப் பெரிய பள்ளிவாசலைப் பார்த்தியாப்பா? புதுக் கோயிலுக்குப் போனியா?” என்று அம்மா ஆசையாய்க் கேட்கிறாள். “எங்கம்மா, வழி தெரியல” என்கிறான். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்! முசாஃபா, சோனாப்பூர், அல்கூஸ் கேம்புகளில் நம் பிள்ளைகளின் லீவு நாட்களை இந்தக் கூச்சம் தின்றுகொண்டிருக்கிறது. நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது.

நம் ஆளிடம் கேட்டால் “இதுகூடத் தெரியாதா” என்பானோ என்ற பயம். வெளியாளிடம் கேட்கலாமென்றால் மொழி வராது என்ற தயக்கம். இரண்டையும் தூக்கிக் கடாசு!

இதோ ஓர் உதாரணம்: வில்ஃபிரட் தெசிஜர் ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த ஆங்கிலேயர். 1946இல் அரேபியாவின் ரூபுல் காலி பாலைவனத்தைக் கடக்கக் கிளம்பினார். உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் நடுவழியில் பின்வாங்க, நாலே பேர் மிஞ்சினார்கள். அவர்களில் அல் அவ்ஃப் என்ற பெதுயின்தான் வழிகாட்டி. மலைபோல் நின்ற மணல்மேடுகளில் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பதையெல்லாம் தெசிஜர் அவர் சொல்லுக்கே விட்டார். அப்படித்தான் இன்றைய அபுதாபி எல்லைக்குள் இருக்கும் லிவா பாலைவனச் சோலையின் விளிம்பை எட்டினார். ஆக்ஸ்ஃபோர்டுக்காரருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கேட்பதையும் குறிபார்த்துக் கேள். “எப்படிப் போறது?” என்று மொட்டையாய்க் கேட்டால் மொட்டையாய்த்தான் பதில் வரும். அபுதாபியின் அபு முரைக்காவில் 2024 பிப்ரவரி 14இல் திறந்த இந்துக் கோயிலை எடுத்துக்கொள். ஏழு அமீரகங்களுக்கு ஏழு கோபுரம், ராஜஸ்தான் கல்லில் இழைத்தது. திங்கட்கிழமை போய் நின்றால் நடை சாத்தியிருக்கும்! போய் வந்தவனைப் பிடி. எந்த நாள் கூட்டம் குறைவு? பஸ் எங்கே விடுவான், அங்கிருந்து டாக்ஸிக்கு எவ்வளவு? திரும்பிவர எத்தனை மணி வரை வண்டி? துபாயிலிருந்து கிளம்புகிறாயா? இப்னு பதூதா மெட்ரோவில் ஈ101 பஸ் வரிசையில் நிற்கும் முன்னே, நோல் கார்டில் எவ்வளவு காசு இருக்கணும் என்று பக்கத்தில் நிற்பவனைக் கேள். ஷேக் ஸாயித் பள்ளிவாசலுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் முன்பதிவு உண்டு, உடைக் கட்டுப்பாடு உண்டு. அரைக்கால் சட்டையோடு வாசல்வரை போய்த் திரும்பாதே.

மக்காவுக்கு உம்ரா செய்யத் தரைவழியாகப் போகும் கீழக்கரைத் தம்பிக்கு இது இன்னும் முக்கியம். தாயிஃப் பக்கம் கர்னுல் மனாஸில் எல்லையைத் தாண்டும் முன்பே இஹ்ராம் கட்டியாக வேண்டும். குளிக்க எங்கே நிறுத்துவார்கள், பையில் எதை மேலே வைக்கணும், ராத்திரிக் குளிருக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் போன வருஷம் போய்வந்த பெரியவருக்கு அத்துப்படி. அவர் பக்கத்து ரூமில்தான் இருப்பார். கேட்டால் மனுஷர் மகிழ்ந்து போவார்; துஆவும் செய்வார்.

மொழியா பிரச்சினை? “பாய், மந்திர் ஜானா ஹே, பஸ் கிதர்?” இந்த அரைகுறை இந்தி போதும். பெஷாவர் டிரைவரும் மலப்புரத்துக் கடைக்காரரும் உன்னைப்போல் வழி தெரியாமல் வந்து இறங்கியவர்கள்தான்.

இன்று ராத்திரி மெஸ்ஸில் சாப்பிட உட்காரும்போது போனைக் கீழே வை. எதிரே இருப்பவரிடம் ஆரம்பி: “அண்ணே, நீங்க அங்க போயிருக்கீங்களா?”