மீட்பதும் மீட்டுவதும்

அடகு வைத்த நகையைத் திரும்பப் பெறுவதை மீட்பது என்கிறோம். வீணையின் தந்தியை விரலால் வருடி ஒலி எழுப்புவதை மீட்டுவது என்கிறோம். பொருளால் வேறான இவ்விரு சொற்களும் ஒலியால் அண்டை வீட்டார். இழந்த பொருள் உரியவர் கைக்கு வந்துவிட்டால் மீட்பு முடிந்துவிடுகிறதா? அல்லது அப்பொருள் மறுபடியும் தன் பணியைச் செய்யத் தொடங்கும்போதுதான் நிறைவு பெறுகிறதா? இக்கேள்வியை நம்முன் வைக்கிறது ஒரு பழைய கித்தாரின் கதை.

1961ஆம் ஆண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளில் இசைத்துப் பிழைத்துவந்த ஆங்கிலேய இளைஞர் ஒருவர், ஏறத்தாழ 30 பவுண்டு கொடுத்து ஒரு மின்சார பாஸ் கித்தாரை வாங்கினார். பாஸ் கித்தார் நான்கு தந்திகள் கொண்டது. தாழ்ந்த சுரங்களை ஒலித்துப் பாடலைத் தாங்கி நிற்பது. வீட்டின் கடைக்கால் போன்றது அது. இருக்கும்போது கண்ணில் படாது, இல்லாதபோது சுவர் சரியும். வாங்கியவர் இடக்கைப் பழக்கம் உடையவர். வயலின் வடிவில் இருபுறமும் ஒத்திருந்த அந்த ஹோஃப்னர் கருவி, இடக்கைப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றவில்லை. அவர் அதை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த இளைஞர்தாம் பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் நாம் கேட்பது அக்கருவியின் குரலையே.

1963இல் அதே வகையில் இன்னொரு கருவி அவருக்குக் கிடைத்தது. முதற்கருவி 1964இல் புதிய மெருகு பூசப்பெற்றுத் துணைக்கருவியாக நின்றது. 1972 அக்டோபர் 10ஆம் நாள் இரவு, லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நின்றிருந்த ஒரு வேனிலிருந்து அது திருடு போயிற்று.

அவரிடம் வேறு பாஸ் கித்தார்கள் இருந்தன; விரும்பினால் இன்னும் எத்தனையோ வாங்கும் செல்வமும் இருந்தது. ஆயினும் அந்த ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் அரை நூற்றாண்டு ஓயவில்லை. இது பேராசையா? பத்து வெள்ளி நாணயங்களுள் ஒன்றைத் தொலைத்து விளக்கேற்றித் தேடிய பெண்ணை நற்செய்தியில் காண்கிறோம். எஞ்சிய ஒன்பதும் அதே மதிப்புடையவை அன்றோ? பேராசை இன்னும் ஒன்று வேண்டும் என்கிறது. அன்பு இதுதான் வேண்டும் என்கிறது. இரண்டையும் நாம் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது.

2018இல் ஹோஃப்னர் நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர் தேடலைத் தொடங்கினார். 2023இல் இதழாளர் இருவர் அவரோடு இணைந்து பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். கருவி 1969இல் தொலைந்தது என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தனர். வேனில் நடந்த திருட்டைப் பற்றிப் பழைய ஒலிப் பொறியாளர் ஒருவர் கூறிய பின்னரே வழி திறந்தது. உண்மை முதலில் வந்தது. பொருள் பிறகுதான் வந்தது. இங்கிலாந்தின் தென்கரையில், ஹேஸ்டிங்ஸ் ஊரின் வீடொன்றில், பரணில் பழைய கித்தார் ஒன்று கிடப்பதை அவ்வீட்டார் நினைவுகூர்ந்தனர். பெட்டியோடு முழுமையாக இருந்த அது உரியவரிடம் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் உலகம் இச்செய்தியை அறிந்தது.

அவ்வீட்டார் திருடியவர் அல்லர். குடும்ப வழியில் பெற்றவர். அவர்களுக்கு என்ன கடன்? புனித தாமஸ் அக்வினாஸ் தமது இறையியல் தொகை நூலில் இதற்கு விடை தருகிறார். திருப்பிக் கொடுக்கும் கடமைக்கு இரண்டு வேர்கள் உண்டு என்கிறார்: ஒன்று, எடுத்த செயல், மற்றொன்று, கையிலிருக்கும் பொருள். எடுத்த செயலில் நமக்குப் பங்கில்லாமல் இருக்கலாம். ஆனால் பிறர் பொருள் நம் கையில் இருக்கும்வரை கடன் நம்முடையதே. "எங்கள் அப்பா காலத்திலிருந்தே இங்குதான் இருக்கிறது" என்று வரப்புத் தகராறுகளில் சொல்லக் கேட்கிறோம். காலம் வழக்கை முடித்துவைக்கலாம், மனச்சான்றை முடித்துவைப்பதில்லை.

இனி இரண்டாம் கேள்வி. கருவி சேதமுற்றிருந்தது, செப்பனிட வேண்டியிருந்தது. உள்ளீடற்ற மரக்கருவி நெடுங்காலம் பரணில் கிடந்தால் மரம் விரியும், ஒட்டு விடும், ஒலிவாங்கிச் சுருளின் இணைப்புகள் பழுதுறும். செப்பனிடுபவர் எந்த ஆண்டுக்கு அதைத் திருப்புவது? 1961இன் புதுமைக்கா? அப்படியானால் 1964இன் மெருகைச் சுரண்ட வேண்டும். அம்மெருகும் அதன் வரலாறே. எல்லாத் தழும்பையும் துடைத்துப் புதுக்கினால், மீண்டது அந்தக் கருவியா, அதன் சாயலில் வேறொன்றா?

டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்குப் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பர். பழந்தந்தியின் மங்கிய ஒலியே அவர் வாசிப்பின் அடையாளம். அவருடைய 1962ஆம் ஆண்டுக் கருவி, 1983இல் அவர் இறப்பதற்குச் சற்றுமுன் திருடப்பட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. அது ஒருநாள் கிடைத்து, ஒருவர் அதற்குப் பளபளக்கும் தந்திகளைப் பூட்டினால், அவர் அன்போடுதான் செய்திருப்பார். எனினும் எதையோ இரண்டாம் முறை இழக்கச் செய்திருப்பார்.

ஆகவே செப்பனிடுதலுக்கு ஓர் அளவு உண்டு. பொருளை அதன் இளமைக்குத் திருப்புவது நம் வேலையன்று. அதன் பணிக்குத் திருப்புவதே வேலை. ஒலிக்கத் தடையான பழுதை நீக்க வேண்டும்; வாழ்ந்ததற்குச் சான்றான தழும்பை விட்டுவிட வேண்டும். மனிதரைச் சீர்ப்படுத்த முனையும் பெற்றோரும் ஆசிரியரும் ஆயரும் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எத்தனைமுறை தவறுகிறோம்!

2024 டிசம்பரில், லண்டன் மேடையில், எண்பத்திரண்டு வயதான மெக்கார்ட்னி அக்கருவியைத் தோளில் மாட்டி வாசித்தார். கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்தால் பாதுகாப்பாய் இருந்திருக்கும், ஊமையாய் இருந்திருக்கும். மீட்டது அன்றுதான் மீட்டப்பட்டது.

நம் வீட்டுப் பரணிலும் சில கிடக்கின்றன. இரவல் வாங்கித் திருப்பாத நூல், பாகப்பிரிவினையில் தங்கைக்குச் சேராத பங்கு, நண்பருக்குச் சொல்லாமல் விட்ட மன்னிப்பு. அவற்றை நாமே எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. நம்மிடம் இருக்கின்றன என்பதே போதும். ஏணியைச் சாத்தி ஏற வேண்டியவர் நாமே.